இசைத்தட்டா, சி.டி.யா? வித்தியாசம் எங்கே பிறக்கிறது

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, சுழன்றுகொண்டிருக்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கிப் பாருங்கள். அறை அமைதியாக இருந்தால், ஊசி தொடும் இடத்திலிருந்தே பாட்டு மெல்லக் கேட்கும். சன்னமாக, கனமே இல்லாமல் கேட்கும். ஆனால் பாடுபவரின் சொற்களைப் பிரித்தறியும் அளவுக்குக் கேட்கும். மின்சாரம் தட்டைச் சுழற்றுவதோடு சரி, ஒலி அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்தே வருகிறது. இதையே சி.டி. பிளேயரில் செய்தால் மோட்டாரின் மெல்லிய உறுமலைத் தவிர வேறொன்றும் காதில் விழாது.

இசைத்தட்டில் பதிந்திருப்பது ஒலி அலையின் உருவம். சி.டி.யில் இருப்பவை அந்த அலையை அளந்து எழுதிய எண்கள். இதைக் கேட்டவுடன் பலரும், உருவம்தான் உயிருள்ளது, எண்கள் வெறும் நகல் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலியைச் சிதையாமல் கொண்டுவந்து சேர்ப்பதில் சி.டி. சந்தேகத்துக்கு இடமின்றி மேலானது. அப்படியிருந்தும் சில ஆல்பங்கள் இசைத்தட்டில் கேட்கும்போதுதான் நன்றாக இருக்கின்றன. இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாக முடியும் என்பதற்கு, முதலில் இரண்டு தட்டுகளும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

சாலுக்குள் ஓடும் ஊசி

எல்.பி. என்று நாம் சொல்லும் 12 அங்குலத் தட்டை 1948இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்தவை நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். அவற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுதான் கொள்ளும். வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறைதான் சுழல்கிறது. பள்ளமும் மிகக் குறுகலானது. அதனால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசையை அடக்க முடிந்தது.

தட்டின் மேல் நூற்றுக்கணக்கான வட்டங்கள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது ஏர் உழுத வயலில் விழும் சால் போல, வெளி ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதி வரை சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒரே ஒரு பள்ளம். நேராக இழுத்தால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம் இருக்கும். அதன் இரண்டு கரைகளும் 45 பாகைச் சாய்வில் இறங்கி அடியில் சந்திக்கின்றன. ஸ்டீரியோ தட்டில், நடுப்புள்ளியை ஒட்டிய உட்கரையில் இடப்பக்க ஸ்பீக்கருக்கான ஒலியும் வெளிக்கரையில் வலப்பக்க ஒலியும் பதிந்திருக்கும். ஒரே வைர ஊசி இரண்டு கரைகளையும் உரசிக்கொண்டு போகும்போது பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அதிர்கிறது. ஊசி பொருந்தியுள்ள கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு காந்தமோ கம்பிச்சுருளோ அந்த அதிர்வோடு அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. அதுவும் சில மில்லிவோல்ட்தான்.

விளக்கு வெளிச்சம் சாய்வாகப் படும்படி ஒரு எல்.பி.யைக் கையில் பிடித்துத் திருப்பினால் பாட்டைக் கண்ணாலேயே ஓரளவு படிக்கலாம். மெல்லிய பகுதிகள் வழவழப்பாகக் கருத்துத் தெரியும். தாளவாத்தியங்கள் முழங்கும் இடங்களில் பள்ளம் அகலமாக அலைந்திருப்பதால் மேற்பரப்பு மினுங்கும். சத்தம் கூடக்கூடப் பள்ளம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறது. எல்.பி.யின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு ஊசி மிக அகலமாக ஆட வேண்டும். அவற்றை உள்ளபடியே வெட்டினால் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாட்டுக்குத்தான் இடம் இருக்கும். அடுத்த சுற்றுப் பள்ளத்தோடு மோதவும் செய்யும். உச்ச சுருதி ஒலிகளின் கதை நேர்மாறு. அவற்றின் அசைவு மிகச் சிறியது. ஊசி உரசும் இரைச்சலிலேயே அமிழ்ந்துபோகும். எனவே தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது கருவி அதே அளவுக்கு எதிர்த்திசையில் திருத்திக்கொள்கிறது. இந்தத் திருத்தத்துக்கான அளவுகளை 1954 முதல் தொழில்துறை பொதுவாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கத்தை ஒட்டி அதற்கு ‘ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு’ என்று பெயர். ஆம்ப்ளிஃபயரை அணைத்தபின் ஊசியிலிருந்து கேட்ட பாட்டில் கனமே இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அது திருத்தப்படாத ஒலி. இசைத்தட்டைச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரின் ‘ஃபோனோ’ துளையில் சொருகாமல் சாதாரணத் துளையில் சொருகிவிட்டு, பாட்டு கீச்சென்று தூரத்தில் கேட்கிறதே என்று குழம்புபவர்களுக்கும் பதில் இதுதான்.

இன்னொரு சிக்கல் சுழற்சியில் இருக்கிறது. தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளிச்சுற்று பெரிது, உள்சுற்று சிறிது. வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. கடைசிப் பாட்டின் இறுதியில் 20 சென்டிமீட்டரை ஒட்டித்தான் ஓடுகிறது. அதே ஒரு வினாடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் கரகரக்கும். உச்ச ஒலிகள் மங்கும். ஆரவாரமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் அமைதியான பாட்டை முடிவிலும் வைக்கும் பழக்கத்துக்கு ரசனை மட்டும் காரணமில்லை.

எண்களாக மாறிய ஒலி

ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980இல் சி.டி.யின் விதிகளை வகுத்தன. 1982 அக்டோபரில் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர்.

ஒலி அலையின் உயரத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைப்பதுதான் சி.டி. செய்யும் வேலை. 16 பிட் என்றால் 65,536 படிநிலைகள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியே இப்படி எழுதப்படுகிறது.

44,100 என்ற எண் ஏன்? மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறைந்துகொண்டே போகும். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்துவிட்டால், அந்த அலையை முழுமையாகத் திரும்ப உருவாக்கலாம் என்பது கணிதம். ஹாரி நைக்விஸ்ட் 1928இல் அடித்தளமிட, கிளாட் ஷானன் 1949இல் நிறுவிக் காட்டிய தேற்றம் அது. ஆகவே 40,000க்கு மேல் வேண்டும்; அதற்கு மேற்பட்ட ஒலிகளை நீக்கும் வடிகட்டிக்குக் கொஞ்சம் இடமும் விட வேண்டும். சரியாக 44,100இல் போய் நின்றதற்குக் காரணம் இசையே இல்லை. அன்று டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். வீடியோவின் ஒரு வரிக்கு மூன்று அளவுகள் வீதம், 245 வரிகள், வினாடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்). பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்.

இந்த இடத்தில் ஒரு பிடிவாதமான தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழுவழுப்பான அலை ஒன்றையும், பக்கத்திலேயே படிக்கட்டாக வெட்டுப்பட்ட அலை ஒன்றையும் வரைந்து, முன்னது வினைல், பின்னது சி.டி. என்று காட்டும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படம் பார்க்க நன்றாக இருக்கிறது, உண்மைதான் இல்லை. சி.டி.யில் எழுதப்பட்டிருப்பவை தனித்தனிப் புள்ளிகள். படிக்கட்டு அதில் எங்கும் கிடையாது. பிளேயரின் வெளியீட்டில் உள்ள வடிகட்டி, 20,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட ஒலிகளால் அந்தப் புள்ளிகள் அனைத்தையும் தொட்டுச் செல்லக்கூடிய அலையை உருவாக்குகிறது. அப்படிப்பட்ட அலை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பதுதான் தேற்றத்தின் அழகே. பிளேயரின் வெளியீட்டை, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் வழுவழுப்பான அலைதான் தெரியும். ‘இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருந்த இசை எங்கே போயிற்று?’ என்று கேட்பவர்களுக்கு, அது எங்கும் போகவில்லை என்பதுதான் பதில்.

16 பிட் என்பதால் இழப்பதும் ஒன்று உண்டு. அளவை அதற்கு மிக அருகிலுள்ள முழு எண்ணாக்கும்போது உண்டாகும் சிறு பிழை, மிக மெல்லிய இரைச்சலாக அடியில் தங்கும். மிக உரத்த ஒலிக்கும் அந்த இரைச்சலுக்கும் இடையே சி.டி.யில் சுமார் 96 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. நன்றாக வார்த்த, தூசில்லாத எல்.பி.யில் அது 60 முதல் 70 டெசிபெல். பத்து டெசிபெல் என்பதே ஒலியின் ஆற்றலில் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்தால், இது சின்ன வித்தியாசமில்லை என்பது புரியும். ஒற்றை வயலின் அடங்கி ஒலித்து, பின்னர் முழு இசைக்குழுவும் எழுந்து முழங்கும் இசையை எல்.பி.யில் கேட்கும்போது, அந்த அடங்கிய பகுதியில் தட்டின் உரசலும் சேர்ந்து கேட்கும்.

தட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். அது உள்ளிருந்து வெளியே படிக்கிறது, எல்.பி.க்கு நேர் எதிர். தடத்தின் மேல் லேசர் ஓடும் வேகம் மாறாமல் இருப்பதற்காக, உள்பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றுகளும் வெளி ஓரத்தில் சுமார் 200 சுற்றுகளுமாகத் தட்டின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். எனவே கடைசிப் பாட்டு, முதல் பாட்டைப் போலவே இருக்கும். அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான்தான். எல்.பி.யின் ஒரு பள்ளத்து அகலத்துக்குள் இப்படி முப்பது தடங்களை அடுக்கிவிடலாம்.

அப்படியானால் எல்.பி. ஏன் இனிக்கிறது?

ஒரு சோதனையை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். நல்ல டர்ன்டேபிளில் ஓடும் எல்.பி.யின் ஒலியைச் சி.டி.யில் பதிவுசெய்து, மூலத்தையும் நகலையும் ஒரே அளவு சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் தெரியுமா? 1984இல் கிட்டத்தட்ட இதையே செய்து பார்த்தார்கள். டர்ன்டேபிள்களுக்குப் பெயர்பெற்ற லின் நிறுவனத்தை நிறுவிய ஐவர் டீஃபென்ப்ரன் டிஜிட்டல் ஒலியைக் கடுமையாகச் சாடியவர். அவருடைய டர்ன்டேபிளின் ஒலிப்பாதையில் சோனியின் டிஜிட்டல் பதிவுக் கருவி ஒன்றைச் செருகியும் எடுத்தும், எப்போது அது நடுவில் இருக்கிறது என்று கேட்டார்கள். அவரால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எல்.பி.யின் இனிமை, வெடிப்பொலி, உரசல் உட்பட அத்தனையும் சி.டி.க்குள் அடங்கிவிடுகிறது என்று இதற்குப் பொருள். ஆனால் சி.டி.யில் உள்ள எல்லாவற்றையும் எல்.பி.யில் அடக்க முடியாது. ஆகவே வினைலின் ‘கதகதப்பு’ என்று சொல்லப்படுவது சி.டி. தவறவிட்ட ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. எல்.பி. தன் பங்குக்குச் சேர்க்கும் ஒன்றாகவோ, தட்டு தயாரான விதத்திலிருந்து வருவதாகவோதான் இருக்க வேண்டும்.

சேர்ப்பவை என்று பார்த்தால், ஊசி பள்ளத்தை அப்படியே பின்தொடர முடியாததால் வரும் இசைவான சிறு திரிபுகள் உண்டு. இடப்பக்க ஒலி கொஞ்சம் வலப்பக்கத்தில் கசிவதும் உண்டு. பல காதுகளுக்கு இவை பிடிக்கின்றன. பிடிப்பதில் தவறு ஒன்றுமில்லை; அதை ‘அதிகத் துல்லியம்’ என்று பெயர் சூட்டி அழைப்பதுதான் தவறு.

ஆனால் பெரிய காரணம் மாஸ்டரிங். ஸ்டூடியோவில் கலந்து முடித்த பாட்டை, தட்டுக்கு ஏற்றபடி கடைசியாகச் செப்பனிடும் வேலை அது. எல்.பி.க்கு மாஸ்டரிங் செய்பவருக்குப் பள்ளம் கட்டுப்பாடுகள் விதிக்கிறது. தாழ்ந்த ஒலிகளை நடுவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளும். ‘ஸ’கரத்தின் கூர்மையை மட்டுப்படுத்த வேண்டும். சத்தத்தைக் கூட்டினால் நேரம் குறையும். சி.டி.யில் இந்தத் தொல்லைகள் இல்லை. இல்லாததே பின்னால் வினையாக முடிந்தது. அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி 1990களில் முற்றியது. மெல்லிய பகுதிகளை மேலே தூக்கி, உரத்த பகுதிகளின் உச்சியை நசுக்கி, பாட்டு முழுவதையும் ஒரே மட்டத்தில் உச்சவரம்புக்கு அருகிலேயே ஒலிக்கச் செய்தார்கள். 96 டெசிபெல் இடைவெளி இருக்கும் ஒரு தட்டில், கடைசிச் சில டெசிபெல்களை மட்டும் பயன்படுத்தினார்கள். அப்படி நசுக்கிய சி.டி.யையும் அதே ஆல்பத்தின் பழைய எல்.பி.யையும் அடுத்தடுத்துக் கேட்டால், எல்.பி.தான் மூச்சு விடும். தவறு சி.டி.யினுடையது இல்லை, அதைத் தயாரித்தவர்களுடையது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதிதாக வரும் எல்.பி.கள் எல்லாவற்றுக்கும் தனி மாஸ்டரிங் செய்கிறார்கள் என்று நம்பிவிட வேண்டாம். நசுக்கிய அதே டிஜிட்டல் கோப்பிலிருந்து, ஒலி அளவை மட்டும் குறைத்து வெட்டிய எல்.பி.களும் தாராளமாகக் கிடைக்கின்றன. இசையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் மென்பொருள்கள் இத்தகைய எல்.பி.க்கும் அதிக மதிப்பெண் கொடுப்பதுண்டு. வெட்டும்போதும் ஊசியால் படிக்கும்போதும் அலையின் உச்சிகள் இடம் மாறிப்போவதால் வரும் மாயம் அது. அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

‘முழுக்க அனலாக்’, அதாவது எங்கும் எண்களாக மாறாமல் அலையாகவே வந்தது என்ற பெருமையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. தட்டு வெட்டும் எந்திரம், அடுத்து வரப்போகும் ஒலி எவ்வளவு உரத்தது என்று முன்கூட்டியே அறிந்து பள்ளங்களுக்கு இடைவெளி விட வேண்டும். அதற்காக ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் டிஜிட்டல் கருவிகள் 1970களின் இறுதியிலேயே வெட்டும் கூடங்களுக்குள் வந்துவிட்டன. டிஜிட்டலின் கைபடாதது என்று நினைத்து வாங்கப்பட்ட பல எல்.பி.கள் அதன் வழியாக வந்தவைதான். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி, வினைல் ரசிகர்கள் கொண்டாடும் நிறுவனம். அதன் தட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளின் ‘அனலாக் தூய்மை’யை மெச்சியவர்களில் தேர்ந்த காதுகள் என்று பெயரெடுத்தவர்களும் இருந்தார்கள்.

கீறல், தூசி, தேய்மானம்

ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுபவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்கிறோம். கீறலால் பள்ளத்தின் கரை உடைந்து, ஊசி ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய பள்ளத்துக்கே தாவிவிடுவதால் நடப்பது அது. எல்.பி.யில் ஒவ்வொரு தூசிக்கும் ஒரு சத்தம் உண்டு. ஊசி உரசும் ஒவ்வொரு முறையும் தட்டு, சிறிதளவேனும் தேய்கிறது. வைர ஊசியும் சில நூறு மணி நேரத்திலிருந்து ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிடும். தேய்ந்த ஊசி நல்ல தட்டையும் கெடுக்கும்.

சி.டி.யை எதுவும் தொடுவதில்லை. லேசர், தட்டின் அடிப்பரப்பில் விரிந்த ஒளியாக நுழைந்து, 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் புள்ளியாகக் குவிகிறது. அதனால் மேலே இருக்கும் சிறு தூசியும் கீறலும் அதற்கு மங்கலான நிழல்தான். அதையும் மீறிச் சில எண்கள் தொலைந்தால், ஏற்கெனவே சேர்த்து எழுதியுள்ள கூடுதல் எண்களை வைத்துக் கணக்கிட்டு மீட்டுவிடும். பாட்டின் அடுத்தடுத்த துண்டுகளைத் தட்டில் தள்ளித் தள்ளி எழுதியிருப்பதால், தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும் இசையில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் மீட்க முடியாத அளவுக்குப் போனால் சி.டி. திக்கும், தாவும், நின்றேவிடும். எல்.பி. கரகரத்தபடியாவது பாடி முடிக்கும்.

சி.டி.யைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தின் போக்கிலேயே விழும் கீறல்தான் திருத்தும் கணக்குக்கு அடங்காது. பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் காப்பாற்றிவிட்டு, பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தை அலட்சியமாகக் கையாள்கிறார்கள். எண்களைத் தாங்கும் அலுமினியப் படலம் அந்த அச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அந்தப் பூச்சில் குறை இருந்தால் காற்றே அலுமினியத்தை அரிக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரிலிருந்த ஆலை ஒன்றில் 1988 முதல் 1993 வரை தயாரான தட்டுகள் பல பூச்சின் குறையால்தான் பழுப்பேறிக் கெட்டன.

எதை வாங்குவது?

செலவழிக்கும் பணம் காதுக்குப் போய்ச் சேர்வது சி.டி.யில்தான் சுலபம். மலிவான பிளேயருக்கும் விலையுயர்ந்ததற்கும் ஒலியில் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு. டர்ன்டேபிளில் அப்படியில்லை. ஊசி தட்டை அழுத்தும் எடை (பெரும்பாலான கார்ட்ரிட்ஜுகளுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிராம்), அது பள்ளத்தில் நிற்கும் கோணம், தட்டின் வேகம் என்று எல்லாமே ஒலியைப் பாதிக்கும். இந்தச் சரிக்கட்டலிலேயே சந்தோஷப்படுகிற மனம் உங்களுக்கு இருந்தால் எல்.பி. நல்ல துணை. தட்டை எடுத்து, துடைத்து, ஊசியை இறக்கி, இருபது நிமிடத்தில் எழுந்து திருப்பிப் போடுவது சிலரை உட்கார்ந்து கவனமாகக் கேட்க வைக்கிறது. அது ஒலியியல் சம்பந்தப்பட்டதில்லை என்றாலும் சின்ன விஷயமும் இல்லை.

ஏற்ற இறக்கம் மிகுந்த செவ்வியல் இசைக்குச் சி.டி.யைத் தயங்காமல் எடுக்கலாம். 1960, 70களில் எல்.பி.க்காகவே உருவான ஆல்பம் என்றால், அந்தக் காலத்து எல்.பி. நல்ல நிலையில் கிடைத்தால் அது. இல்லாவிட்டால் உரக்க ஒலிக்கும் போட்டி முற்றுவதற்கு முன் வந்த சி.டி. 1980களின் தொடக்கத்தில் வந்த சி.டி.களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அவற்றுள் சில, எல்.பி. வெட்டுவதற்காகவே ஒலியை மாற்றியமைத்த டேப்பிலிருந்து எடுக்கப்பட்டவை, வறட்சியாக ஒலிக்கும். டிஜிட்டலிலேயே பதிவான இன்றைய ஆல்பத்தை எல்.பி.யில் வாங்கினால் உறுதியாகக் கிடைப்பது பெரிய அட்டைப்படம்தான்.

இரண்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் கூடக் காது ‘உரத்தது’ என்று உணராமல் ‘நன்றாக இருக்கிறது’ என்றே உணரும். ஒப்பீடுகளில் பாதி இங்கேயே கெட்டுவிடும். மாற்றிப் போடும் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். எல்.பி.யில் ஒரு பக்கத்தின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டை எடுத்தால் அதற்கு அநியாயம் செய்தவர் ஆவீர்கள்.